பரு போன பின் முகத்தில் நிற்பவை: கறை எது, குழி எது, எதை எப்படிச் சரிசெய்வது

உங்களுக்கு வயது 24. 15 வயதில் தொடங்கிய முகப்பரு இன்னும் முழுதாக நிற்கவில்லை. கன்னங்களில் பழுப்புப் புள்ளிகளும் நெற்றிப்பொட்டை ஒட்டிச் சில குழிகளும் இருக்கின்றன. தோழி கொடுத்த களிம்பைப் பூசியதில் பத்தே நாளில் முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆனது. மூன்று மாதம் பூசிவிட்டு நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகப் பருக்கள் கிளம்பின. இப்போது அழகு நிலையம் ஒன்றில் ஆறு முறை லேசர் செய்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். இன்னும் ஐந்து மாதத்தில் அக்காவின் திருமணம். இந்தத் தழும்புகள் போகுமா, எதில் தொடங்குவது, எலுமிச்சைச் சாறு பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் மருத்துவத்தில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில், எவை போகும், எவை குறையும், எவற்றைத் தொடவே கூடாது என்று பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது தழும்பைவிட அந்தக் களிம்புதான். பத்து நாளில் முகம் வெளுப்பதும், பரு அமுங்குவதும், நிறுத்தியவுடன் எரிச்சலும் சிவப்பும் பருவுமாகத் திரும்பி வருவதும், சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பின் அடையாளங்கள். மொமெட்டசோன், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், ஃப்ளுவோசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று டியூபின் மேல் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதனுடன் நிறத்தை மங்கவைக்கும் ஹைட்ரோகுயினோன், மேல்தோல் உதிர்வதை விரைவுபடுத்தும் ட்ரெட்டினாயின் ஆகிய இரண்டும் சேர்ந்திருக்கும். மங்கு என்று நாம் சொல்லும் படர்ந்த கருமைக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூசுவதற்காக உருவான சேர்க்கை அது. நம் ஊரில் அது நிறம் கூட்டும் கிரீம் என்ற பெயரில் தோழியிடமிருந்து தோழிக்குக் கைமாறுகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் நூல் போன்ற இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளரும். வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே முகம் எரியும். இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் இதற்கென்றே தனிக்குழு அமைத்துப் பல ஆண்டுகளாகப் போராடியது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் விற்பனை நின்றுவிடவில்லை என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

நீங்கள் அதை நிறுத்தியது சரி. பரு கூடிவிட்டதே என்று பயந்து மீண்டும் எடுத்துப் பூசாதீர்கள். அந்தச் சுழலில் சிக்கி ஐந்தாறு ஆண்டுகளை இழந்தவர்கள் உண்டு. எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாக விடுவதற்கும், இடைக்காலத்தில் எரிச்சலைத் தணிப்பதற்கும் வழிகள் இருக்கின்றன. அந்த டியூப் தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் விவரமோ இல்லாத ஒன்றாக இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முகத்தை வெளுக்க வைப்பதாக விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்கு, சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் வந்தது கண்டறியப்பட்டது. அப்படிப்பட்ட களிம்பாக இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இனித் தழும்புக்கு வருவோம். பரு போன பின் நிற்பவை எல்லாவற்றையும் தழும்பு என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால்தான் குழிக்குக் கறை மருந்தையும், கறைக்குக் குழி சிகிச்சையையும் வாங்கிப் பணத்தை இழக்கிறோம். இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். காலையில் ஜன்னல் ஓரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழும்படி கண்ணாடியைப் பிடியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தை மெல்லத் தடவுங்கள். தோல் மட்டமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. பக்க வெளிச்சத்தில் நிழல் விழுந்து, விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் அது குழி. குழி இருக்கும் இடத்தில் கன்னத்தை இரு விரல்களால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இழுத்ததும் மறையும் குழிக்கும் இழுத்தாலும் அப்படியே நிற்கும் குழிக்கும் சிகிச்சை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கறை நிரந்தரமானதன்று என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் நல்ல செய்தி. பரு என்பது அழற்சி, அதாவது தோல் சிவந்து வீங்கும் நிலை. அழற்சி நடந்த இடத்தில் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மெலனின் என்னும் நிறப்பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. அந்த மெலனின் மேல்தோலோடு நின்றுவிட்டால் கறை பழுப்பாகத் தெரியும்; மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் மாதக் கணக்கில் அது மங்கிவிடும். அழற்சி கடுமையாகவோ நீண்டநாளாகவோ இருந்தால் மெலனின் கீழே உள்தோலுக்குள் இறங்கிவிடும். அப்போது கறை சாம்பலோ நீலமோ கலந்த கருமையாகத் தெரியும். அது மங்க ஆண்டுகளும் ஆகலாம். பருவைக் கிள்ளியவர்களுக்கும், நகத்தால் பிதுக்கியவர்களுக்கும் இந்த இரண்டாவது வகை அதிகம். மூன்றாவதாகச் சிவந்த கறை ஒன்றும் உண்டு. அது நிறமியால் வருவதன்று, விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்களால் வருவது. கண்ணாடித் துண்டால் அழுத்தினால் நிறம் வெளிறும். அதற்கு நிறம் மங்கவைக்கும் களிம்புகள் உதவா.

நம்மைப் போன்ற மாநிறமும் கருமையுமான தோலில் இந்தக் கறைகள் மிகுதியாக வருவது நம் குறையன்று. மெலனின் வளமாக இருப்பதன் மறுபக்கம். அதே மெலனின்தான் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது. ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. தோலை ஆறு வகையாகப் பிரித்து லேசரின் அளவைத் தீர்மானிக்க உலகெங்கும் இன்று பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், 1975-இல் தொடங்கியபோது வெள்ளையர் தோலை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. பழுப்புக்கும் கருமைக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. நம்மில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருகிறோம். வெளிநாட்டுக் காணொளிகளில் அற்புதமாகத் தெரியும் சிகிச்சை நம் முகத்தில் புதிய கறையை உண்டாக்க முடியும் என்பதை இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சூடு, ஊசி, அமிலம், அழுத்தித் தேய்த்தல் எல்லாமே தோலுக்கு ஒரு காயம்தான். அளவு மீறினால், பரு விட்டுச் சென்ற அதே கறையைச் சிகிச்சையும் விட்டுச் செல்லும்.

ஆகையால் முதல் வேலை, புதிய பரு வராமல் நிறுத்துவது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இங்கே எனக்கு மிகவும் பிடித்த மருந்து அடாப்பலீன் 0.1% ஜெல். வைட்டமின் ஏ வழிவந்த இது மயிர்க்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது, மேல்தோல் உதிர்வதை விரைவுபடுத்திக் கறையையும் மங்க வைக்கிறது. ஆக, ஒரே மருந்து இரண்டு வேலை செய்கிறது. ஆனால் பெரும்பாலோர் இதைத் தவறாகப் பூசி, முகம் எரிகிறது என்று ஒரு வாரத்தில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரவில் முகம் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு மட்டும் எடுத்து, நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் புள்ளி வைத்து முகம் முழுதும் மெல்லப் பரப்ப வேண்டும். பரு மேல் மட்டும் தொட்டு வைப்பது பயன் தராது, ஏனெனில் அடுத்த மாதம் வரப்போகும் பரு இன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்ட இரவுகளில் பூசுங்கள். மேலே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் விட்டுவிடுங்கள். முதல் ஒரு மாதத்தில் தோல் உரிவதும் பரு சற்றுக் கூடுவதும் இயல்பு. பலனை எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில்தான் மதிப்பிட வேண்டும். உங்களுடையதைப் போல ஸ்டீராய்டால் நொந்த தோலாக இருந்தால், அது முதலில் ஆறட்டும். எந்த வாரத்தில் இதைத் தொடங்குவது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்த்துக்கொள்ளலாம். 10% வாங்கினால் நான்கு மடங்கு பலன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், எரிச்சல்தான் கூடும். இது துணியின் சாயத்தை வெளுக்கும், தலையணை உறையிலும் துண்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமிகள் அந்த மருந்துக்கே கட்டுப்படாதவையாகிவிடும். பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே பூச வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அப்படியே படுக்கும் வழக்கம் இருந்தால், நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் பரு நிற்காது. மாதவிடாய் தவறுவது, தாடையோரம் மட்டும் பெரிய பருக்கள் வருவது, முகத்தில் முடி கூடுவது ஆகியவை சேர்ந்து இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கான பரிசோதனையும் தேவைப்படும்.

ஆழமான, வலிக்கும் பருக்கட்டிகள் குழி விட்டுச் செல்கின்றன என்றால் களிம்பை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அங்கே மிகுந்த பலன் தரும். 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. நாற்பது ஆண்டுக்கு மேலான அனுபவம் நம்மிடம் இருக்கிறது. இதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் வரும். கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். மனச்சோர்வு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதடு வறள்வது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: தேவைப்பட்ட வயதில் இந்த மாத்திரையைப் பயந்து தள்ளிப்போட்டு, பிறகு குழிகளோடு வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வருத்தம் பெரிது. பல ஆண்டுச் சிகிச்சையால் மீட்க முடியாததை ஆறேழு மாத மாத்திரை தடுத்திருக்கும்.

அடுத்தது வெயில். சன்ஸ்கிரீன் இல்லாமல் கறைக்கு மருந்து பூசுவது வீண்வேலை. தூண்டப்பட்ட நிறமிச் செல்லுக்கு வெயில் மேலும் தீனி போடுகிறது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், புற ஊதா ஏ கதிருக்கும் காப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போல் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. கடலை அளவு எடுத்துத் தடவிவிட்டு சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நம் நிறத் தோலுக்கு இன்னொரு செய்தியும் முக்கியம்: புற ஊதாக் கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் கறையைக் கருக்க வைக்கிறது. வழக்கமான வெள்ளை சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் டின்டட் வகை தடுக்கும். இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவர் என்றால் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வதும் நல்ல காப்புதான், ஆனால் அதை அன்றாடம் துவையுங்கள். வியர்வையில் ஊறிய துணி கன்னத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அங்கே புதிய பரு வரும்.

கறைக்கென்று பூசும் மருந்துகளில் அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதத்தை முதலில் வைப்பேன். பருவுக்கும் நல்லது, கறைக்கும் நல்லது, கர்ப்பிணிகளும் பூசலாம். முதல் சில நாள் முகத்தில் எறும்பு ஊர்வது போன்ற அரிப்பு இருக்கும், பிறகு பழகிவிடும். நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் மென்மையானது, எரிச்சல்படும் தோலுக்கும் ஒத்துப்போகும், ஸ்டீராய்டால் நொந்த உங்கள் முகத்துக்குத் தொடக்கத்தில் இதுவே போதும். 10% உள்ளதைத் தேடி அலையத் தேவையில்லை. வைட்டமின் சி, கோஜிக் அமிலம் முதலியவை துணைக்கு உதவும், அவற்றைக் கொண்டே கறை போய்விடாது. ஹைட்ரோகுயினோன் வலிமையான மருந்து. மருத்துவர் சொன்னால், கறை மேல் மட்டும், மூன்று நான்கு மாதத்துக்கு மேற்படாமல் பூசலாம். கணக்கில்லாமல் பூசினால் முகம் நீலம் பாய்ந்த கருமையாக மாறும் நிலை வரும்; 1975-இல் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் முதலில் விவரிக்கப்பட்ட அந்தக் கருமை ஏறக்குறைய மாற்ற முடியாதது. இவற்றில் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்துகொண்டு மூன்று மாதம் பொறுமையாக இருங்கள். வாரம் ஒரு புதிய சீரம் மாற்றுகிறவர்களுக்குக் கறை போவதில்லை; எரிச்சலும் அதனால் புதிய கறையும்தான் வருகின்றன.

எலுமிச்சைச் சாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது மிகக் கடுமையான அமிலத்தன்மை உடையது, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். ஒருமுறை கல்லூரி மாணவி ஒருத்தி இரு கன்னத்திலும் ஓடை ஓடையாகக் கருங்கோடுகளுடன் வந்தாள். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் நனைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தியிருக்கிறாள். சாறு வழிந்த தடம் அப்படியே முகத்தில் பதிந்திருந்தது. அது மங்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. பற்பசையும் சமையல் சோடாவும் இதே கணக்கில்தான் சேரும். சர்க்கரையும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது, நாரால் தேய்ப்பது எல்லாம் கறை மேல் புதுக் காயம் உண்டாக்கும். கஸ்தூரி மஞ்சளும் கற்றாழையும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை, ஒத்துக்கொண்டால் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் அவை குழியை நிரப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குழிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களிடம் பணம் கேட்பது இதற்காகத்தான். பரு ஆழத்தில் வெடித்தபோது அங்கிருந்த கொலாஜன் என்னும் நார்ப்பொருள் கரைந்துபோனதால் வந்தது குழி. மேலிருந்து பூசும் எந்தக் கிரீமும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. குழியில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தியது போல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாயும் மிகுந்த ஆழமும் கொண்டது ஒன்று. அம்மைத் தழும்பு போல, செங்குத்தான விளிம்புடன் அடி மட்டமாக இருப்பது மற்றொன்று. விளிம்பே தெரியாமல் அலை அலையாகப் பள்ளம் தட்டுவது மூன்றாவது. விரலால் இழுத்துப் பார்க்கச் சொன்னேனே, இழுத்ததும் மறைவது இந்த மூன்றாவது வகைதான். உள்ளே நார்கள் தோலைக் கீழ்நோக்கிக் கட்டி இழுத்துக்கொண்டிருப்பதால் அது பள்ளமாகத் தெரிகிறது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பது வழக்கம். ஆகவே எல்லாக் குழிக்கும் ஒரே கருவி என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஊசிக்குழிக்கு நான் விரும்புவது அடர்த்தியான ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைக்கும் முறை. 2002-இல் கொரிய மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். செலவு குறைவு, ஆனால் கை நிதானம் வேண்டும். கூர்மையாக்கிய மரக்குச்சியின் நுனியை அமிலத்தில் தொட்டு, தோலை இழுத்துப் பிடித்துக் குழியின் அடியில் அழுத்துவோம்; சில நொடிகளில் அந்தப் புள்ளி சுண்ணாம்பு போல் வெளுக்கும். பிறகு பொருக்குக் கட்டி ஒரு வாரத்தில் உதிரும். கிள்ளி எடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாகச் சில தடவை செய்தால் அடியிலிருந்து புதிய கொலாஜன் வளர்ந்து குழி மேலேறும். அமிலம் விளிம்பில் சிந்தினால் குழியின் வாய் அகன்றுவிடும், சுற்றிக் கருவளையம் விழும். இணையத்தில் இந்த அமிலத்தை வாங்கி வீட்டில் முயன்றவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன், உங்களை மன்றாடிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

அலைக்குழிக்குச் சப்சிஷன் என்னும் முறை. மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் பட்டையான ஊசி ஒன்றை நுழைத்து, கீழே இழுக்கும் நார்களை அறுத்துவிடுவது. அறுபடும்போது நறநறவென்ற ஒலி உங்களுக்கே கேட்கும்; வலி இருக்காது. ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம், கன்னம் வீங்கி இரத்தம் கட்டியிருக்கும். இந்த வகைக் குழிக்கு நாரை விடுவிக்காமல் மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் பெரிய மாற்றம் வராது என்பதே என் அனுபவம்.

மட்டக்குழிகளுக்கும் பொதுவான மேடுபள்ளத்துக்கும் நுண்ணூசி சிகிச்சை உண்டு. 1.5 மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள நுண்ணிய ஊசிகள் தோலில் ஆயிரக்கணக்கான துளைகளை இடுகின்றன; தோல் அதை ஆற்றும் முயற்சியில் கொலாஜனை உருவாக்குகிறது. மேல்தோல் எரிக்கப்படுவதில்லை, ஆகையால் நம் நிறத்துக்குக் கறை விழும் ஆபத்து குறைவு. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் நான்கைந்து தடவை தேவைப்படும். கடையில் கிடைக்கும் வீட்டு ரோலர்களின் ஊசி குழியின் ஆழத்தை எட்டாது. எட்டும் நீளமுள்ளதை வீட்டில் ஓட்டினால் கிருமி புகும். பரு இருக்கும் முகத்தில் ஓட்டினால் சீழை முகமெங்கும் பரப்பியதாகிவிடும்.

லேசர் நல்ல கருவிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004-இல் வெளிவந்த ஃப்ராக்ஷனல் முறையில், கதிர் தோல் முழுவதையும் சுடாமல் நுண்ணிய தூண்களாக மட்டும் இறங்குகிறது, இடையில் விடப்பட்ட நல்ல தோல் காயத்தை விரைவில் ஆற்றுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரால் மட்டக்குழிகளில் நல்ல பலன் கிடைக்கும். ஆனால் நம் தோலில் அதன் பிறகு கறை விழுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் தவிர்க்க, குறைந்த அடர்த்தியில், நீண்ட இடைவெளியில், முன்னும் பின்னும் வெயில் காப்புடன் செய்ய வேண்டும். முகத்தில் பரு கிளம்பிக்கொண்டிருக்கும்போது செய்யக் கூடாது. ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் இப்போதைக்குச் செய்யவே கூடாது. அழகு நிலையத்தில் முன்பணம் கேட்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கருவியை இயக்குவது தோல் மருத்துவரா, என் குழி எந்த வகை, கறை விழுந்தால் என்ன செய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் கழித்தே எந்தச் சிகிச்சையும் செய்ய வேண்டும் என்பது பழைய விதி. 2017-இல் வெளியான நிபுணர் பரிந்துரைகள், நுண்ணூசி, மேலோட்டமான அமில உரிப்பு, ஃப்ராக்ஷனல் லேசர் போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றன. தோலை முழுதாகச் சுரண்டும் சிகிச்சைகளுக்கு மட்டும் அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

தாடையோரம், மார்பு, தோள் ஆகிய இடங்களில் பரு ஆறியபின் தோல் மேடாகத் தடித்து அரித்தால் அது குழிக்கு நேர்மாறான தழும்பு. அதில் நுண்ணூசியும் லேசரும் முரட்டுத்தனமாகப் பட்டால் இன்னும் வளரும். ட்ரையாம்சினோலோன் மருந்தைத் தழும்புக்குள்ளேயே ஊசியாகச் செலுத்துவது முதல் சிகிச்சை. வீட்டில் யாருக்காவது காது குத்திய இடம் உருண்டையாக வளர்ந்திருந்தால், சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

திருமணத்துக்கு ஐந்து மாதம் என்றீர்கள். அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்பதை உள்ளபடி சொல்கிறேன். முதல் மாதம் தோல் ஆறுவதற்கு. அதில் மென்மையான முகக் கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஒத்துக்கொண்டால் நியாசினமைடு, அவ்வளவுதான். இரண்டாம் மாதத்திலிருந்து பருவுக்கான மருந்து. நான்காம் ஐந்தாம் மாதத்தில் புதிய பரு வெகுவாகக் குறைந்து, பழுப்புக் கறைகளில் பெரும்பகுதி மங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். குழிகள் அப்படியே இருக்கும். அவற்றைத் திருமணத்துக்குப் பிறகு தொடங்குங்கள். விசேஷத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிய ஃபேஷியல், ப்ளீச், உரிப்பு எதுவும் வேண்டாம். குழிச் சிகிச்சையில் கொலாஜன் வளர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதால் ஒவ்வொரு கட்டத்தின் பலனும் தாமதமாகத்தான் தெரியும். ஓராண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழிகள் பாதி அளவு குறைந்தாலே அது நல்ல பலன். அதற்கு மேல் கிடைப்பவர்களும் உண்டு, ஆனால் பரு வருவதற்கு முன்பிருந்த தோலை யாராலும் திருப்பித் தர முடியாது, தருவேன் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பருவுக்கும் கறைக்குமான மருந்துகளை அங்கே செலவின்றித் தொடங்கலாம். முதல்முறை போகும்போது, பூசிய களிம்பு டியூபைத் தூக்கி எறியாமல் உறையோடு எடுத்துச் செல்லுங்கள்; எவ்வளவு நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பவுடரும் மையும் இல்லாமல் போங்கள். இன்றே, நான் சொன்ன அந்த ஜன்னலோரம் நின்று, இரு கன்னத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம். தினமும் கண்ணாடி பார்க்கும் கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் புலப்படாது. மூன்றாம் மாதப் படத்தை முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், மருந்தைத் தொடரலாமா மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.